புல் முடிச்சும் துலிப் படமும்
பின்னால் வருகிறவர்களுக்காக வழி எழுதியவர்களின் கதை

கடந்த ஆண்டு கோடையில் எங்கள் வாலிபர் ஐக்கியம் ஒழுங்குசெய்த சுற்றுலாவை இந்தச் சபையில் யாரும் இன்னும் மறக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆலய முன்றலில் ஜெபித்துவிட்டு ஒன்பது வாகனங்களில் புறப்பட்டோம். போகவேண்டிய இடத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம். வழியில் வீதித் திருத்த வேலை. செம்மஞ்சள் கூம்புகளைக் கண்டதும் ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு பாதையைச் சொன்னது. எட்டு வாகனங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தன. ஒன்பதாவது வான் பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போய்விட்டது. மதியச் சாப்பாடு முழுவதும் அதில்தான் இருந்தது. எங்கள் சபையின் மூத்த அம்மம்மாக்கள் மூவரும் அதில்தான் இருந்தார்கள்.

வான் வந்து சேர இரண்டரை மணி நேரம் பிந்தியது. பூங்காவில் நாங்கள் பசியோடு காத்திருந்தோம். வானுக்குள் சோற்றுப் பானையும் கறிச் சட்டிகளும் இருந்தும் அவர்கள் ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை. நீரிழிவு உள்ள அம்மம்மா ஒருவர்கூட, "எல்லாரும் சேர்ந்தாப் பிறகு சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிஸ்கற்றோடு இருந்திருக்கிறார். இறங்கியதும் அவர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "பின்னால வாறவையைப் பாக்காமப் போறதுக்குப் பேர் கூட்டமாப் போறதில்லைப் பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வசனம் எங்களை நெடுநாள் விடவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீடுகளைவிட்டு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்ததை எங்கள் பெற்றோர் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெருக்கியடித்து நகர்ந்த இலட்சக்கணக்கான சனம். அந்தச் சனத்துக்குள் தன் பிள்ளையின் கையைத் தவறவிட்டு, மறுநாள் சாவகச்சேரியில்தான் கண்டுபிடித்தவர் அந்த அம்மம்மா. நாங்கள் பிந்திவந்த சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். அவர் பேசியது வேறு ஒன்றை.

ஆகவே இந்த ஆண்டு சுற்றுலாவுக்கு முன்பாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். கைபேசி இல்லாத காலத்தில் ஒரு கூட்டத்துக்கு எப்படி வழி சொன்னார்கள்? தேடத் தேட அது எங்கள் சொந்த மொழியிலேயே தொடங்குகிற வரலாறு என்று தெரிந்தது.

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகை உண்டு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞனுக்கு, "இப்படிப் போ, இன்னாரைப் பார்" என்று வழி சொல்வதுதான் அதன் அமைப்பு. பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றில் ஒன்றான மலைபடுகடாம், பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. நன்னன் என்ற தலைவனிடம் போகிற கூத்தர் கூட்டத்துக்கு அது வழி சொல்கிறது. சும்மா "மலையைத் தாண்டிப் போ" என்று சொல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்பவர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல்லுக்கு எப்படித் தப்புவது, எங்கே வழுக்கும் என்றெல்லாம் சொல்கிறது.

அதற்குள் ஒரு சிறிய அறிவுரை எங்களை நிறுத்திவிட்டது. பாதைகள் பிரிகிற சந்திக்கு வந்தால், அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, சரியான பாதையில் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறார் புலவர். ஏன்? முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்துவிட்டது. முடிச்சு அவருக்கு வேண்டியதில்லை. அது பின்னால் வருகிறவருக்கு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்க் கூத்தர் கூட்டத்துக்குத் தெரிந்தது எங்கள் ஒன்பது வாகனங்களுக்குத் தெரியாமற் போயிற்று.

அடுத்தது ஒரு கல். தமிழ்நாட்டின் தருமபுரிப் பகுதியில் கிடைத்த பழைய காதக்கல். காதம் என்பது பழைய தூர அளவு. அதியமான் பெருவழியில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறது. எண்ணைத் தமிழ் எழுத்தில் பொறித்தவர்கள் அதோடு விடவில்லை. கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து; சிறிய குழி ஒன்று. வாசிக்கத் தெரியாத மாட்டு வண்டிக்காரரும், இருட்டில் வருகிறவரும் விரலால் தடவி 29 என்று அறிந்துகொள்ளலாம். வழிக்குறிப்பு எழுதுகிறவர், தன்னைப்போல வாசிக்கத் தெரிந்தவரை மட்டும் நினைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வேதாகமத்தை வாசிக்கிற நாங்கள் எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்தைச் சாதாரணமாகத் தாண்டிப்போய்விடுவோம். எங்கிருந்து புறப்பட்டார்கள், எங்கே பாளயமிறங்கினார்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களின் பெயர்கள் வரிசையாக வருகிற அதிகாரம் அது. ஓய்வுநாள் பாடசாலையில் அதை மனப்பாடம் செய்யச் சொல்லுவாரில்லை. ஆனால் வழிக்குறிப்பு என்ற கண்ணோடு பார்த்தால் அது ஒரு பயணப் பட்டியல். ராமசேசில் தொடங்கி யோர்தானுக்கு அருகான மோவாபின் சமவெளியில் முடிகிறது. கர்த்தருடைய கட்டளையின்படி மோசே அதை எழுதிவைத்தான் என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. நடந்து முடிந்த பயணத்தை ஏன் எழுதவேண்டும்? அதை நடக்காத அடுத்த தலைமுறை வாசிக்கவேண்டும் என்பதற்காகத்தானே. எரேமியா 31:21இலும் வழியில் அடையாளங்களை நாட்டும்படியான ஒரு கட்டளை வருகிறது. அது சிறையிருப்பிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கானது.

கிறிஸ்தவர்கள் எருசலேமுக்குப் போகத் தொடங்கிய காலத்திலும் இதே பட்டியல் முறைதான். கி.பி. 333இல் இன்றைய பிரான்சின் போர்தோவிலிருந்து எருசலேமுக்குப் போன பெயர் தெரியாத ஒரு யாத்திரிகர், குதிரை மாற்றுமிடம், இரவு தங்குமிடம், நகரம், இவற்றுக்கிடையிலான தூரம் என்று வரிசையாகக் குறித்துவைத்தார். புனித நாட்டுக்குப் போனவர்கள் எழுதியவற்றில் இன்று எங்களிடம் இருக்கும் மிகப் பழைய பயணக் குறிப்பு அது.

அந்தப் பட்டியலைப் படமாக்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு சுருள் இருக்கிறது. உரோமப் பேரரசின் வீதிகளைக் காட்டுகிற பொய்ற்றிங்கர் வரைபடம். இப்போது இருப்பது மத்திய காலத்தில் எடுத்த பிரதி. உயரம் ஒரு அடிக்குச் சற்று அதிகம்; நீளமோ ஆறரை மீற்றருக்கும் மேல். நாடுகளின் உருவம் அதில் சரியாக இல்லை. கடல்கள்கூட வாய்க்கால்போல ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆனால் எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர், இடையில் எவ்வளவு தூரம் என்பது உண்டு. பயணிக்கு வேண்டியது அதுதான். அந்தச் சுருளின் கிழக்கு ஓரத்தில் சங்க இலக்கியம் பேசுகிற முசிறித் துறைமுகம் இருக்கிறது. எங்கள் இலங்கையும் தப்ரபேன் என்ற பெயரில் இருக்கிறது. எருசலேமும் முசிறியும் இலங்கையும் ஒரே வழிச் சுருளில்.

வீதியைச் சுருளாக வரைகிற எண்ணத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர்பெற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் ஓகில்பி. 1675இல் அவர் வெளியிட்ட பிரித்தானியா என்ற நூலில் 100 வரைபடத் தகடுகள். சக்கரத்தை உருட்டி வீதிகளை அளந்து, ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில், நீண்ட கீலங்களாக வரைந்தார். ஒவ்வொரு கீலத்திலும் நீங்கள் கீழிருந்து மேலே போகிறீர்கள். வடக்கு எங்கே என்பது கீலத்துக்குக் கீலம் மாறும்; அதைக் காட்டத் தனித்தனியே திசைகாட்டிப் படம் இருக்கும். ஏறவேண்டிய மேட்டை நிமிர்த்தியும் இறங்கவேண்டிய மேட்டைத் தலைகீழாகவும் வரைந்தார். உலகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது நாட்டுப்படம். உன் முன்னால் அடுத்து என்ன வரும் என்று காட்டுவது வழிப்படம். இரண்டும் ஒன்றல்ல.

மோட்டார் கார் வந்தபோது வட அமெரிக்க வீதிகளில் பெயர்ப்பலகைகள் அரிது. 1900களின் முதல் பத்தாண்டில் ராண்ட் மக்னாலி நிறுவனம் ஒவ்வொரு திருப்பத்தையும் புகைப்படம் எடுத்து, படத்தின் மேலேயே அம்புக்குறி போட்டுப் புத்தகமாக விற்றது. மூலைக் கடை, களஞ்சியம், பெரிய மரம் எல்லாம் படத்தில் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்கள் வழி சொன்னதும் அப்படித்தானே. "சங்கக்கடையடியில இறங்கி, மதகு தாண்டி, வாசிகசாலைக்குப் பக்கத்து ஒழுங்கை" என்றால் முகவரி தேவையில்லை.

இனி இந்த வரலாற்றில் எங்களுக்கு மிக நெருங்கிய கட்டம். 1949இல் நெதர்லாந்தில் துலிப் ரலி என்ற கார் ஓட்டப் போட்டி தொடங்கியது. பல நாட்டு ஓட்டுநர்கள் பல மொழி பேசிக்கொண்டு வருகிற போட்டி. நீண்ட வசனங்களில் வழி எழுதினால் யாருக்கும் விளங்காது. அந்த ரலியிலிருந்து உலகமெங்கும் பரவிய ஒரு சிறிய படத்துக்கு இன்றுவரை துலிப் படம் என்றே பெயர். ஒரு சிறு பெட்டி. கீழே ஒரு கறுப்புப் புள்ளி: நீங்கள் வருகிற இடம். அதிலிருந்து ஓர் அம்பு: நீங்கள் போகவேண்டிய பக்கம். சந்தியின் மற்ற வீதிகள் வெறும் கோடுகள். பாலைவன ரலிகளுக்குக்கூட இந்தப் படங்களின் வரிசையைத்தான் வழிப்புத்தகமாகப் பயன்படுத்தினார்கள். வாகனத்தில் ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பார். இந்திய நகரங்களில் பார்வையற்றோருக்காக நடத்துகிற கார் ரலிகளில், வழிப்புத்தகத்தைப் பிரெய்லில் அச்சிட்டுப் பார்வையற்றவர் கையில் கொடுப்பார்கள். கண் தெரிகிறவர் ஓட்ட, கண் தெரியாதவர் விரலால் வாசித்து வழி காட்டுவார். தருமபுரிக் கல்லில் இருந்த குழிகள் காரில் ஏறிவிட்டதுபோல் இருக்கிறது.

இந்த மே மாதம் நாங்கள் போகிற இடம் ஒட்டாவாவின் துலிப் திருவிழா என்பதால் இந்தப் பெயர் எங்களுக்குச் சிரிப்பையும் தந்தது. அந்தப் பூக்களின் கதையையும் பிள்ளைகள் அறியவேண்டும். இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஜேர்மனி பிடித்தபோது இளவரசி யூலியானா தன் பிள்ளைகளோடு ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்தார். 1943 ஜனவரி 19இல் அவருடைய மகள் மார்கிரீத் அங்கே ஒரு வைத்தியசாலையில் பிறந்தார். பிள்ளை முழு நெதர்லாந்துக் குடிமகளாகவே இருக்கும்படி, பிறப்பு அறை கனடாவின் ஆளுகைக்கு வெளியே உள்ளதாக அரசு அறிவித்தது. 1945இல் நெதர்லாந்தை விடுவித்த படைகளில் கனடியர் முன்னணியில் நின்றார்கள். 7,600க்கும் மேற்பட்ட கனடிய வீரர்கள் அந்த மண்ணில் உயிர்விட்டார்கள். நன்றியாக யூலியானா அந்த ஆண்டே 100,000 துலிப் கிழங்குகளை அனுப்பினார். திருவிழா 1953இல் தொடங்கியது. அகதிகளாக வந்தவர்கள் திரும்பிப் போய் அனுப்பிய பூக்கள் அவை. எங்கள் வீடுகளில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, படம் போடும் வேலை. அதற்கு நாங்கள் எடுத்தது எக்செல் விரிதாள். 1979இல் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற முதல் தனியாள் கணினி விரிதாளை வெளிக்கொண்டுவந்தபோது கணக்காளரின் கட்டம்போட்ட தாளையே கணினியில் ஏற்றினார்கள். ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் என்பதே அதன் சிறப்பு. வழிக்குறிப்புக்கும் அதுவே வேண்டும்.

ஐந்து நிரல்கள் வைத்தோம்: வரிசை எண், புறப்பட்ட இடத்திலிருந்து மொத்தத் தூரம், முந்திய திருப்பத்திலிருந்து தூரம், துலிப் படம், குறிப்பு. மொத்தத் தூரத்தை மட்டும் நாங்கள் எழுதுவோம். இந்த வரியிலிருந்து முந்திய வரியைக் கழிக்கும் வேலை தாளுடையது. இடையில் ஒரு திருப்பத்தைச் சேர்த்தால், அதற்கு அடுத்த வரியின் கழித்தலை மட்டும் சரிபார்த்தால் போதும். படத்துக்கான கட்டத்தைச் சதுரமாக்கி, கோடு, வட்டம், அம்பு ஆகிய வடிவங்களால் ஒரு படம் வரைந்து, மூன்றையும் ஒன்றாக இணைத்தோம். பிறகு அதைப் பிரதி எடுத்து அம்பைத் திருப்புவது மட்டுமே வேலை. கட்டத்தோடு சேர்ந்து படமும் நகரும்படி வைத்தாற்றான் வரியைச் செருகும்போது படங்கள் இடம்மாறாது. இதை நாங்கள் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்த பிறகே கற்றோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நிரல்களின் பெயர் வரும்படி அச்சிட்டோம்.

தூரம்காட்டி வண்டிக்கு வண்டி வேறுபடும். குளிர்கால ரயரும் கோடைகால ரயரும் அளவில் சற்று மாறினாலே கணக்கு மாறும். ஆகவே ஹைவேயில் உள்ள கிலோமீற்றர்ப் பலகைகளை வைத்துப் பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பார்க்கலாம். உங்கள் வண்டி 10.2 காட்டினால், தாளின் தலையிலுள்ள திருத்தக் கட்டத்தில் 1.02 என்று போடுங்கள். எல்லா வரிகளும் உங்கள் வண்டிக்கேற்ற தூரத்தைக் காட்டும்.

மொன்றியலுக்கென்று சில குறிப்புகளும் சேர்த்தோம். எங்கள் நகரத்தின் "வடக்கு" உண்மையான வடக்கு அல்ல. மேற்கு என்று பலகை சொல்லுகிற வீதி தென்மேற்காக ஓடும். ஆகவே சூரியனைப் பார்க்காமல் பலகையில் எழுதியிருக்கிற சொல்லையே குறிப்பில் எழுதினோம். கிழக்கு, மேற்கு என்று தமிழில் போடாமல் "எஸ்ற்", "உவெஸ்ற்" என்று பலகையில் உள்ளபடியே போட்டோம். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது. தீவைத் தாண்டினால், தடைப் பலகை இல்லாத இடத்தில், நின்று பார்த்துத் திரும்பலாம். இந்த மாற்றம் வருகிற வரியில் ஒரு சிவப்புக் கோடு போட்டோம். 40ஆம் ஹைவேயில் மேற்காகப் போகும்போது எக்ஸிட் எண்கள் குறைந்துகொண்டே போய் ஒன்ராறியோ எல்லையில் பூச்சியத்துக்கு வரும். எல்லையைத் தாண்டி 417 ஆனதும் அவை மீண்டும் ஒன்றிலிருந்து ஏறும். எல்லைக்கு முன்னும் பின்னும் ஒரே எண் வரலாம் என்பதால், அந்த இடத்தில் புதுப் பக்கம் தொடங்கினோம்.

இரண்டு சனிக்கிழமைகள் ஓடிப் பார்த்தோம். முதல்முறை வாசித்தவர் நாங்களே. பிழை ஒன்றும் தெரியவில்லை. எழுதியவருக்குத் தன் எழுத்து எப்போதும் விளங்கும். இரண்டாம் முறை தாளைத் தூக்கி அந்த அம்மம்மாவின் கையில் கொடுத்து முன் ஆசனத்தில் இருத்தினோம். மூன்றாம் வரியிலேயே, "எழுத்துச் சின்னனாக் கிடக்கு" என்றார். ஏழாம் வரியில், "திரும்பினாப் பிறகு சரியான றோட்டிலதான் நிக்கிறம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. வீட்டுக்கு வந்து எழுத்தைப் பெருப்பித்தோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அடுத்து, சரியாக வந்திருந்தால் கண்ணில் படவேண்டிய ஒரு பாலம், கடை, கோபுரம் என்று ஓர் உறுதி வரியைச் சேர்த்தோம். தாள் இரண்டு பக்கத்திலிருந்து நான்கு பக்கமாயிற்று. ஆனால் இப்போது அது வழிக்குறிப்பு.

கடைசி வரியைச் சேர்த்தவரும் அவரே. "திரும்புற இடத்தில எல்லாம் பின்னுக்கு வாற வாகனம் தெரியுதோ எண்டு பார்க்கச் சொல்லி எழுதுங்கோ" என்றார். அதன்படி, ஒவ்வொரு வாகனமும் தனக்குப் பின்னால் வரும் வாகனத்துக்கு மட்டும் பொறுப்பு. திருப்பத்தில் அது கண்ணில் படாவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். உங்களைக் காணாமல் உங்களுக்கு முன்னால் போனவரும் நிற்பார். இப்படியே ஒன்பது வாகனமும் நின்றுவிடும். தாளில் ஒவ்வொரு திருப்பத்தின் படத்துக்கும் பக்கத்தில் இதற்கு ஒரு சிறு அடையாளம் போட்டிருக்கிறோம். பார்ப்பவர்கள் அதைப் பூ என்று நினைக்கிறார்கள். அது முடிந்துவைத்த புல்.

அச்சடித்த தாள்கள் ஆலய வாசலில் மேசைமேல் இருக்கின்றன. ஒரு வாகனத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் கையில் அல்ல, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். முடிந்தால் அது உங்கள் வீட்டு அம்மம்மாவாக இருக்கட்டும். சாப்பாட்டை இம்முறை மூன்று வாகனங்களில் பிரித்து ஏற்றுகிறோம். ஆனால் மூடியைத் திறப்பது எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான்.